கஞ்சிக்குழி கண்டோம்

நமது சங்கக் கட்டடத்தின் பின்புறத்தே பன்னிரண்டு சென்ட் நிலம் வேலிக்குள் கிடப்பதை எர்ணாகுளத்து அன்பர்கள் யாவரும் அறிவார்கள். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்லுகிறோம்: சென்ற மாதம் வரையில் அங்கே செழித்திருந்தது ‘கம்யூனிஸ்ட் பச்சை’ என்று இந்நாட்டார் வேடிக்கையாக அழைக்கும் களைச்செடி ஒன்றே. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதே இடத்தில் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டோம். இரசாயன உரமும் பூச்சி மருந்தும் தொடுவதில்லை என்று உறுதியும் எடுத்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. மண்வெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டோம். தலைவர் முதல் நாற்றை நட்டார். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், தண்டுக்கீரை ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் ஊன்றினோம். ஐந்தாம் வாரத்தில் தக்காளிச் செடிகள் பச்சை மாறாமலேயே வாடித் தலை சாய்ந்தன. வெண்டையிலையின் நரம்புகள் மஞ்சளித்தன. எனினும் தோட்டம் அழிந்தது இந்நோய்களால் அன்று. எட்டாம் வாரத்தில் தண்ணீர் ஊற்ற வந்தவை மூன்று குடும்பங்கள். காய் பறிக்க வந்தவையோ பதினான்கும். போதாக்குறைக்கு, இரவோடு இரவாக யாரோ கத்தரிப் பாத்தியில் யூரியா தூவிவிட்டார்கள் என்ற பேச்சும் எழுந்தது. ‘நீங்களா, நாங்களா’ என்று வாக்குவாதம் முற்றி, நெடுநாள் நட்பாயிருந்த இரு தாய்மார்கள் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அந்த யூரியா விவகாரத்தைப் பற்றிப் பின்னர் எழுதுவோம்.

மறந்துபோன இந்தத் தோட்டத்தை மீண்டும் நினைக்கச் செய்தது எங்கள் மகளின் சோற்றுப் பாத்திரம். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவள் ஒருநாள் கத்தரிக்காய்ப் பொரியலைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்தாள். “பாண்டிப் பச்சக்கறி விஷமாணு” என்று அருகிலிருந்த சிறுமி சொன்னாளாம். தமிழ்நாட்டுக் காய்கறி நஞ்சு என்பது அதன் பொருள். சிறு குழந்தை எங்கோ கேட்டதைச் சொல்லியிருக்கிறாள். அவள் மீது குற்றமில்லை. ஆயினும் எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. பிழைப்பின் பொருட்டு அயல்நாட்டில் வாழ்கிறவனுக்கு, ஊரிலிருந்து தவறாமல் வரும் உறவு அந்தக் காய்கறி லாரி ஒன்றுதான். ஒட்டன்சத்திரத்துக் கத்தரியும் கம்பம் பள்ளத்தாக்கின் புடலையும் மேட்டுப்பாளையம் வழியாக வரும் மலைக்காய்களும் சந்தையில் இறங்கும்போது ஊர் மணமும் கூட இறங்குகிறது.

கோபம் தணிந்தபின் யோசித்தோம். இந்நாட்டாரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் மேல் 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000-ஆம் ஆண்டு வரையில் வானூர்தியிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டதும், அவ்வூர்களில் உடற்குறைகளோடு பிறந்த குழந்தைகளின் துயரமும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்ததும் இங்குள்ள ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த கதை. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்தின் எச்சம் இருக்கிறதென்று இரு மாநிலங்களுக்கிடையே பெரிய வாக்குவாதமே நடந்தது.

ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் கத்தரி பயிரிடும் எங்கள் சிற்றப்பாவைத் தொலைபேசியில் கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. “ஒரு சொத்தை கண்டாலும் மண்டியிலே மூட்டையைத் தள்ளிப் போட்டுடறான் தம்பி. மருந்தடிக்காம எப்படி? வீட்டுக்குன்னு ரெண்டு பாத்தி தனியா அடிக்காம வச்சிருக்கோம்” என்றார். அந்த இரண்டு பாத்திப் பேச்சு எங்களை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. தான் உண்பதை அடிக்காமல் வைக்கத் தெரிந்தவர் அவர்; உண்பவரின் முகம் தெரியாத காய்க்கே மருந்து போகிறது. ஆனால் அவரைக் குறை கூற எங்களுக்கு என்ன தகுதி? பன்னிரண்டு சென்ட்டைப் பதினான்கு குடும்பம் சேர்ந்தும் காப்பாற்ற முடியாதவர்கள் நாங்கள்.

இந்நிலையில்தான், சேர்ந்து பயிரிட்டு வெற்றி கண்டவர்களை நேரில் பார்த்து வருவோம் என்று முடிவு செய்து, தை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஐந்து குடும்பத்தார், குழந்தைகளோடு பத்தொன்பது பேர், கஞ்சிக்குழிக்குப் புறப்பட்டோம். கோட்டயத்திலும் இடுக்கியிலும் இதே பெயரில் இடங்கள் உண்டு. நாங்கள் சென்றது ஆலப்புழை மாவட்டத்தில், சேர்த்தலைக்குத் தெற்கே உள்ள ஊராட்சி.

எர்ணாகுளம் சந்திப்பிலிருந்து ஆலப்புழை செல்லும் கடற்கரைப் பாதை 1989-இல் திறக்கப்பட்டது. இருப்புப்பாதையில் வேலை பார்த்தும், கவுண்டருக்குப் பின்னாலிருந்து இவ்வூர்களுக்குச் சீட்டுக் கொடுத்தே காலம் கழிக்கிறோமேயன்றிச் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்ததில்லை. கும்பளம் தாண்டியதும் வண்டி காயலின் மேல் செல்கிறது. இருபுறமும் நீர், சீனவலைகள் கைகூப்பி நிற்பனபோல் நிற்கின்றன. அரூர், துறவூர், வயலார் என்று நிலையங்கள் வருகின்றன. குழந்தைகள் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் உரக்கப் படித்தார்கள். மலையாள எழுத்தை அவர்கள் படிக்க, தமிழில் நாங்கள் சரிபார்த்தோம். சேர்த்தலையில் இறங்கி, இட்டிலி உண்டு, தேசிய நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் பேருந்து ஏறினோம்.

பேருந்திலிருந்து இறங்கிக் காலை வைத்ததும் முதல் வியப்பு மண்ணைப் பற்றியது. கிழக்கே வேம்பநாட்டுக் காயல், மேற்கே அரபிக்கடல். இடையில் கிடக்கும் இந்த நிலம் முழுவதும் வெண்மணல். சர்க்கரையைக் கையில் அள்ளியது போல் விரலிடுக்கில் ஒழுகிவிடுகிறது. தென்னை நிற்கும், கயிறு திரிக்கலாம். காய்கறி விளைப்பதற்கென்று ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடிய மண் அன்று இது. எங்கள் பன்னிரண்டு சென்ட்டோ செம்மண் கொட்டி நிரப்பியது. இதைப் பார்த்தபின் மண்ணின் மேல் பழி போட எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று.

இவ்வூராட்சி 1990-களின் நடுவில் வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடும் இயக்கத்தைத் தொடங்கியது. 1996-இல் கேரளத்தில் மக்கள் திட்டம் வந்து, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை உள்ளாட்சிகளின் கைக்கு வந்ததும் இயக்கத்துக்கு வலு ஏற்பட்டது. 1998-இல் குடும்பஸ்ரீ தொடங்கிற்று. பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அயல்கூட்டங்கள் வாரந்தோறும் கூடி, சிறு தொகை சேமித்து, கணக்கெழுதும் வழக்கம் வேரூன்றியது. அக்கூட்டங்களிலிருந்து நான்கு முதல் பத்துப் பேர் வரை பிரிந்து, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சேர்ந்து பயிரிடுவதைச் சங்கக் கிருஷி என்கிறார்கள். நாங்கள் பார்க்கச் சென்றது அத்தகைய எட்டுப் பெண்களின் தோட்டம். அவர்களுடைய பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாமென்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

குழுவின் செயலாளராக இருக்கும் அம்மையாருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். முன்னர்க் கயிற்றுத் தொழிலில் இருந்தவர். நாங்கள் அவரைச் சேச்சி என்றோம். வயதில் இளையவர்களானபோதிலும் எங்களை அவர் அண்ணாச்சி என்றார். தமிழரை அப்படி அழைப்பது இந்நாட்டு வழக்கம். ஒன்றரை ஏக்கர் நிலம். அதன் உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். பாகலும் புடலும் பந்தலில் தொங்கின. இவ்வூர் உழவர் ஒருவர் தம் வயலிலேயே தெரிந்தெடுத்து வளர்த்ததாகக் கூறப்படும் கஞ்சிக்குழிப் பயறு என்ற காராமணி, ஒரு முழத்துக்கும் மேல் நீண்டு வெளிர்பச்சையாகத் தொங்கியது. குழந்தைகள் அதைத் தங்கள் கையோடு அளந்து பார்த்து ஆரவாரித்தார்கள்.

மணலை இவர்கள் வசப்படுத்திய விதத்தை விரிவாகவே எழுத வேண்டும். முதலில் சுண்ணாம்பு. கேரளத்து மண் பெரும்பாலும் புளிப்பு மிகுந்தது. காயலில் அகப்படும் கக்கா என்னும் சிப்பியின் ஓட்டை நீற்றிய சுண்ணாம்பைத் தூவிக் கிளறி, இரண்டு வாரம் விட்டுவிடுகிறார்கள். அதன் பின்னரே எரு. சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கொட்டினால் எருவின் சத்து காற்றோடு போய்விடும் என்றார் சேச்சி. நாங்கள் அன்று செய்தது அதைத்தான். தலைவர் வரும் நாளில் எல்லாம் முடிய வேண்டுமென்ற அவசரம். சுண்ணாம்புக்குப்பின், குழியின் அடியில் தேங்காய் மட்டை, அதன் மேல் மட்கிய நார்க்கழிவு, சாணம், கோழி எரு, சாம்பல், வேப்பம் பிண்ணாக்கு, தழை. மட்டையும் நார்க்கழிவும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இல்லையேல் ஊற்றிய தண்ணீர் ஒரு நாழிகையில் பாதாளத்துக்குப் போய்விடும். ஒரு பகுதியில் சொட்டுநீர்க் குழாயும் பாத்தியின் மேல் கரிய பிளாஸ்டிக் விரிப்பும் கண்டோம். இயற்கை வேளாண்மை என்று கேட்டுப் போன இடத்தில் பிளாஸ்டிக்கைக் கண்டது எங்களுக்கு உவப்பாயில்லை. களை பறிக்க ஆள் கிடைக்காத துன்பத்தைச் சேச்சி எடுத்துச் சொன்னார். அவர் சொல்வதும் நியாயமே. எனினும் கிழிந்த விரிப்பு வேலியோரம் கிடந்தது கண்ணை உறுத்தத்தான் செய்தது.

பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் வினவினார்கள். வேப்பெண்ணெய் 200 மில்லி, அரைத்த பூண்டு 200 கிராம், சலவைச் சோப்பு 50 கிராம். இவற்றைக் கலக்கிப் பத்து லிட்டர் நீராக்கி, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். இது வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவுதான். காய் ஈக்குப் பழமும் வெல்லமும் வைத்த பொறி. புகையிலைக் கஷாயத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. அதை இக்குழுவினர் விட்டுவிட்டார்களாம். புகையிலையில் உள்ள நிகோடினும் கொடிய நஞ்சுதானே! கடையில் வாங்காதது எல்லாம் தீங்கற்றது என்று எண்ணியிருந்த எங்களுள் சிலர் வாயடைத்து நின்றோம்.

எங்கள் தக்காளி வாடிய கதையைக் கூறினோம். சேச்சி சிரித்தார். தண்டை அறுத்துக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்தினீர்களா, பால் போல் ஒழுகிற்றா என்று கேட்டார். அப்படி ஒழுகினால் அது பாக்டீரியா வாடல். புளிப்பு மண்ணும் ஈரமும் வெப்பமும் சேர்ந்த இந்நாட்டில் தக்காளிக்கும் கத்தரிக்கும் அதுவே எமன். ஊரிலிருந்து விதை கொண்டுவந்து போட்டோம் என்றதும், அன்புக்கு அது சரி, மண்ணுக்குச் சரியன்று என்றார். வெள்ளானிக்கரையிலுள்ள கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்நோயைத் தாங்கக்கூடிய ‘சக்தி’ என்ற தக்காளியையும் ‘உஜ்வலா’ என்ற மிளகாயையும் வெளியிட்டிருக்கிறது. வெண்டையில் மஞ்சள் நோயைத் தாங்க ‘அர்க்கா அனாமிகா’ உண்டு. இத்தனையும் கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

பின்னர்க் கொட்டகைக்குள் அழைத்துச் சென்று மோர் கொடுத்தார். அங்கே சுவரில் தொங்கிய நோட்டுப் புத்தகம் எங்கள் கண்ணில் பட்டது. இருப்புப்பாதையில் வேலை பார்ப்பவனுக்கு மஸ்டர் ரோல் எங்கே தொங்கினாலும் தெரிந்துவிடும்! காலை ஆறரை மணி முதல் ஒன்பது வரை வேலை. வந்தவர் கையொப்பமிட வேண்டும். வர முடியாதவர் வீட்டிலிருந்து வேறொருவரை அனுப்பலாம். அனுப்பாவிடில் அன்றைய நாள் கணக்கில் இல்லை. ஆண்டு முடிவில் குத்தகையும் செலவும் போக மிஞ்சுவது, கையொப்பமிட்ட நாட்களின் எண்ணிக்கைப்படி பிரிகிறது. பறித்த காய் முழுவதும் முதலில் தராசுக்குப் போகிறது. உறுப்பினரும் தம் வீட்டுக்கு வேண்டியதை அங்கேயே நிறுத்துப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விலை சற்றுக் குறைவு, அவ்வளவே. மீதி நெடுஞ்சாலை ஓரத்துக் கடைக்கு. “நம்முடைய தோட்டத்தில் நாமே விலை கொடுப்பதா?” என்று எங்களுடன் வந்த நண்பர் கேட்டார். “சும்மா எடுக்கத் தொடங்கினால் முதலில் வருபவர் நல்ல காயை எடுப்பார், கடைசியில் வருபவர் மறுநாள் வரமாட்டார்” என்றார் சேச்சி. பதினான்கு குடும்பத்தின் கதையை அருகிலிருந்து பார்த்தவர் போல அவர் சொன்னது எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் கோடிட்ட பகுதி ஒன்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் உறுப்பினர் ஒருவர் யாருமறியாமல் பயறுக்கு யூரியா இட்டுவிட்டாராம். இலை திடீரென்று கரும்பச்சையானதைக் கண்டு கேட்டதும் அழுதுகொண்டு ஒப்புக்கொண்டார். விலக்கிவிட்டீர்களா என்று கேட்டோம். இல்லை. அவர் ஏன் செய்தார் என்று கூட்டத்தில் கேட்டார்கள். தம் பங்குப் பாத்தி மட்டும் வெளுத்து நிற்பது அவமானமாயிருந்தது என்றாராம். நடந்ததைப் பதிவேட்டில் எழுதி எட்டுப் பேரும் கையொப்பமிட்டார்கள். அந்தப் பாத்தியின் காயைத் தனியே பறித்து, உண்மையைச் சொல்லி, வேறு விலைக்கு விற்றார்கள். அன்று முதல் பங்குப் பாத்தி என்பதையே எடுத்துவிட்டார்கள். எல்லாப் பாத்தியும் எல்லாருடையது.

நடுவண் அரசு 2011-இல் தொடங்கிய பங்கேற்பு உத்தரவாத முறையும் ஏறக்குறைய இதே கருத்தில்தான் நடக்கிறது என்று பின்னர்ப் படித்தறிந்தோம். அருகருகே உள்ள ஐந்து உழவரேனும் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு, இது நஞ்சில்லாதது என்று உறுதி கூறுகிறார்கள். பிறர் வந்து பார்க்கும் நிலத்தில் பொய் சொல்வது எளிதன்று.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும், கணவனும் மனைவியும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்பர்களே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கத் தோட்டத்தில் கத்தரிப் பாத்திக்கு இரவில் யூரியா தூவியவர்கள் நாங்களே. அடுத்த வீட்டார் பாத்தி தழைத்திருந்தது. எங்களுடையது வெளுத்துப் போயிருந்தது. சங்கத்துத் தலைவர் ஞாயிறன்று பார்வையிட வருவதாக இருந்தது. ஒரு கைப்பிடி போதும் என்று எண்ணினோம். பின்னர்ப் பேச்சு எழுந்தபோது வாய் திறக்கவில்லை. பழி வேறொரு வீட்டின் மீது விழுந்தபோதும் திறக்கவில்லை. பேச்சு நின்றுபோன அந்த இரு தாய்மார்களில் எவர் மீதும் தவறில்லை. தமிழ்நாட்டுக் காய்கறி நஞ்சு என்று ஒரு சிறுமி சொன்னதற்கு அவ்வளவு கோபம் கொண்டவர்கள் நாங்கள்!

புறப்படும் நேரத்தில் சேச்சி கீரைப் பாத்திக்கு அழைத்துச் சென்றார். செக்கச் செவேலென்ற தண்டுக்கீரைக்கு நடுவே ஆங்காங்கே பச்சைக் கீரையும் நின்றது. விதை கலந்துவிட்டதோ என்று கேட்டோம். வேண்டுமென்றே கலந்ததாம். மழைக்காலத்தில் சிவப்புக் கீரையின் இலையில் வெண்புள்ளி விழுந்து, ஒரே வாரத்தில் பாத்தி முழுவதும் பரவிவிடும். பச்சை இரகமான ‘கோ-1’ அந்நோயைத் தாங்கும். இடையிடையே அது நின்றால் நோய் செடிக்குச் செடி தாவுவது குறைகிறது. மேலும் ஒரு கிலோ பசுஞ்சாணத்தைப் பத்து லிட்டர் நீரில் கரைத்து வடித்துத் தெளிப்பதும் உண்டு. ‘கோ’ என்றால் என்ன என்று எங்கள் மகள் கேட்டாள். கோயம்புத்தூர் என்றோம்; அங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. சேச்சிக்கும் அது தெரிந்திருந்தது. “உங்கள் ஊர்க் கீரைதான் மோளே, எங்கள் கீரைக்குக் காவல்” என்று அவள் கன்னத்தைத் தட்டினார். மகள் திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவள் பள்ளியில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மாலையில், தன் தோழி அந்தக் கீரையைப் பார்க்க வரவேண்டுமென்கிறாள் என்று வந்து நின்றாள்.

விதைகளைச் சேச்சி செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அதுவும் பதிவேட்டில் ஏறியது.

சென்ற வாரம் சங்கத்தில் கூட்டம் நடந்தது. இங்கே எழுதியதை முதலில் அங்கே வாயால் சொன்னோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பழி சுமந்த வீட்டார் எழுந்து வெளியே சென்றார்கள். சற்றுக் கழித்துத் திரும்பி வந்து அமர்ந்தார்கள். மன்னித்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் புதிய பதிவேட்டின் முதற்பக்கத்தில் யூரியா விஷயத்தை எழுதிக் கையொப்பம் கேட்டபோது இட்டார்கள். பேச்சு நின்றுபோன மற்ற அம்மையார் அதற்கு நேர் கீழே இட்டார்.

இம்முறை ஒன்பது குடும்பங்களே சேர்ந்திருக்கின்றன. பங்குப் பாத்தி கிடையாது; தராசு ஒன்று வாங்கியாயிற்று. முதலில் கீரை, பயறு, வெண்டை மட்டுமே. தக்காளி அடுத்த ஆண்டு பார்க்கலாம். முதல் வாரத் தண்ணீர் முறை எங்கள் வீட்டுடையது. களை நீக்கிச் சுண்ணாம்பு தூவி இன்றோடு ஒன்பது நாளாகிறது; இன்னும் ஐந்து நாள் கழிந்து எரு இட வேண்டும். கூடைகள் போதவில்லை. வீட்டில் பழைய கூடை வைத்திருக்கும் அன்பர்கள் அதற்கு முன்னர்ச் சங்கத்துக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.